ஆட்டத்திற்கு ஓர் ஆள்

விளையாட்டுப் பொருளைக் கடையில் வாங்கிவிடலாம். உடன் விளையாட ஓர் ஆளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் இவ்வுண்மை இன்று ஒரு சிறு அட்டைக்கட்டின் உருவில் வந்து நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளை 'போக்கிமான்' அட்டைகளைக் கேட்கிறான். பிறந்தநாளுக்கு வாங்கித் தருகிறோம். விதிகளைப் படித்து, அட்டைகளைத் தரையில் பரப்பி, இரு பக்கமும் தானே அமர்ந்து ஆடிப் பார்க்கிறான். சில நாட்களில் அட்டைகள் பெட்டிக்குள் போகின்றன. பிள்ளையின் கண்கள் கைப்பேசிக்குள் போகின்றன. "எதிலும் உனக்கு நிலையான ஆர்வம் இல்லை" என்று கடிந்துகொள்கிறோம். அவனுக்கு இல்லாமற் போனது ஆர்வமன்று, ஆள்.

இந்த ஆட்டம் எத்தகையது என்பதைப் பெற்றோர் முதலில் அறிந்துகொள்வது நல்லது. 1993ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டம் வெளிவந்தது. 'கேதரிங்' என்றால் கூடுகை என்று பொருள். 1996இல் ஜப்பானில் போக்கிமான் அட்டை ஆட்டம் வெளிவந்தது. இவற்றில் ஆடுபவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தாமே தேர்ந்தமைத்த கட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். போக்கிமானில் ஒரு கட்டுக்குச் சரியாக 60 அட்டைகள். தொடக்கத்தில் கையில் ஏழு. பரிசு அட்டைகளாகக் கவிழ்த்து வைப்பவை ஆறு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எப்போது தாக்குவது, எப்போது பொறுப்பது என்ற கணக்கே ஆட்டத்தின் உயிர். படிப்பும் கணக்கும் பொறுமையும் இதில் ஒருங்கே பயிற்சி பெறுகின்றன.

ஆள் கிடைக்காத காரணமும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. முன்னாளில் தெருவில் ஒரு வீட்டில் கேரம் பலகை இருந்தால் போதும். தெருப்பிள்ளைகள் அனைவரும் ஆட்டக்காரர்களே. பள்ளி மேசைகளின் அடியில் கைமாறிய கிரிக்கெட், மல்யுத்த 'டிரம்ப் கார்டு'களும் அப்படியே: ஒருவனுடைய கட்டை நால்வருக்குப் பகிர்ந்து ஆடினார்கள். தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்தவர்களுக்கோ காசே தேவைப்படவில்லை. இப்புதிய ஆட்டத்தில் மட்டும் ஆளுக்கு ஒரு கட்டு வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். விதிகளைக் கற்கச் சில மணி நேரம் வேண்டும். இம்மூன்றும் ஏற்கெனவே வாய்த்த இன்னொரு பிள்ளையை நம் பிள்ளை தேடி அலைவதென்றால், அது எளிதாகுமா?

நம் வட்டாரத்தின் வாழ்க்கை முறையும் மாறிவிட்டது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபோது, பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் குடியிருப்புகளில் அருகருகே வாழ்ந்தன. ஆலைச் சங்கு ஒலித்த பின் பெரியவர்களும், பள்ளி விட்ட பின் சிறியவர்களும் வெளியில் கூடினார்கள். இன்றைய அடுக்குமாடி வீடுகளில் அதைவிட அதிகமான பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம். ஆனால் மூன்றாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

கூடுமிடம் ஒன்று அமைந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் சென்னை மாநகரே சான்று. சதுரங்கத்தில் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர் மானுவேல் ஆரோன். சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் மிகயில் தால் சதுரங்கக் கழகம் உருவாக அவர் துணைநின்றார். தாயிடம் காய் நகர்த்தக் கற்ற சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த், அங்கே சென்றுதான் பலரோடு ஆடிப் பழகினான். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனான். எல்லாப் பிள்ளைகளும் ஆனந்த் ஆகப்போவதில்லை. ஆயினும் வீட்டில் தொடங்கிய ஆர்வம் வாடாமலிருக்க, வீட்டுக்கு வெளியே ஒரு மேசையும் அதன் எதிர்ப்புறம் ஒருவரும் வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் கூறும் வழி இது: ஆட்டம் தெரிந்தவனைத் தேடாதீர்கள், தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுங்கள். புதிய உறைகளை மேலும் மேலும் பிரிப்பதற்குச் செலவிடும் பணத்தில் இரண்டாவது கட்டு ஒன்றை வாங்கலாம். ஆடுவதற்கு ஆயத்தமான கட்டுகளாகவே விற்கிறார்கள். அதற்கும் வசதியில்லையெனில், தாளில் பெயரும் எண்ணும் எழுதி வெட்டிய அட்டைகளே பழகுவதற்குப் போதும். இரண்டு கட்டு வைத்திருக்கும் பிள்ளை, அன்று கேரம் பலகை வைத்திருந்த வீட்டுப்பிள்ளை போன்றவன். முதல் இரண்டு ஆட்டங்களை இருவரும் கையிலுள்ள அட்டைகளைத் திறந்து காட்டியே ஆடட்டும். புதியவனை முதல் நாளிலேயே தோற்கடித்து மகிழ்பவன், மறுநாள் ஆளின்றி நிற்பான்.

எங்கே தொடங்குவது? முதல் எதிராளி வீட்டிலேயே இருக்கலாம்: அக்காள், தம்பி, அல்லது தந்தை. அடுத்து அடுக்குமாடியின் அறிவிப்புப் பலகை, வகுப்புத் தோழர்கள், அன்பியக் கூட்டத்திற்கு வரும் குடும்பங்கள். மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் பங்கு மன்றத்தில் ஒரு மேசையைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டால் யார் மறுக்கப்போகிறார்கள்? நாளையும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள். 'ஒரு நாள் வாருங்கள்' என்றால் எவரும் வருவதில்லை. 'ஞாயிறு மாலை நான்கு மணி' என்றால் இருவராவது வருவர். அம்பத்தூரும் ஆவடியும் ஒரே மின்ரயில் பாதையில் இருப்பதால், சற்று வளர்ந்த பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் சென்று கூடவும் இயலும்.

எச்சரிக்கைகளும் உண்டு. கைப்பேசியில் இவ்வாட்டங்களை ஆடும் வசதி இருக்கிறது. விதிகளைக் கற்க அது உதவும். ஆனால் அங்கே எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாது. பணம் கேட்கும் பொத்தான்களும் உண்டு. இணையத்தில் அறிமுகமானவரைச் சந்திப்பதாயின், பகலில், பொது இடத்தில், பெற்றோர் ஒருவர் உடனிருக்கவே சந்திக்க வேண்டும். அட்டை மாற்றிக்கொள்வதிலும் பெரியவன் சிறியவனை ஏய்ப்பது நடக்கும். முதல் சந்திப்பில் ஆட்டம் மட்டும், மாற்று வேண்டாம் என்று விதி வைப்பது நன்று. மலிவு விலையில் தொங்கும் பொன்னிற அட்டைகள் பெரும்பாலும் போலிகள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

'சீட்டு' என்றாலே நம் பாட்டிமார் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. பணம் வைத்து ஆடிய சீட்டால் அழிந்த குடும்பங்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடுவண் அரசு 2025இல் சட்டத்தால் தடைசெய்தது. 'மேஜிக்' ஆட்டத்திலேயே தொடக்கத்தில், தோற்றவர் தம் அட்டை ஒன்றை இழக்கும் பந்தய விதி இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. மூடிய உறைக்குள் என்ன அட்டை இருக்குமோ என்னும் ஆவலிலும் சூதின் சாயல் உண்டு. எனவே நம் இல்லங்களில் இரண்டு விதிகள் இருக்கட்டும்: பணமோ அட்டையோ பந்தயம் வைப்பதில்லை, மாதத்திற்கு இவ்வளவுதான் செலவு. இவற்றைக் கடைப்பிடித்தால் பாட்டியாரையே ஒரு கை ஆட அழைக்கலாம்.

பிள்ளைக்கு அட்டைகளை வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஆட்டம் புரியாவிட்டாலும் அவனெதிரே அரைமணி நேரம் அமர்ந்து, அவன் கற்பிக்க நாம் கற்று, தோற்று எழுவோம். தந்தைக்கே கற்பித்துவிட்ட பிள்ளைக்கு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டும் துணிவு தானே வந்துவிடும்.