படம் மிஞ்சும், குறிப்பு?

மருத்துவமனையில் புதிய எம்.ஆர்.ஐ. கருவி திறந்த செய்தியைப் படித்தால், பத்தாண்டு கழித்து அதன் படங்கள் எங்கே இருக்கும் என்றுதான் என் மனம் போகிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் 2007 இறுதிக்குள் ஃபிலிமை விட்டுக் கணினிச் சேமிப்புக்கு மாறின, பெரிய சாதனைதான். 2013-இல் அந்தச் சேமிப்பு அமைப்புகளுக்கான ஒப்பந்தங்கள் முடியத் தொடங்கியபோது, சேர்ந்திருந்த படங்களை வேறு அமைப்புக்கு மாற்றுவதே தனிப் பெரும் வேலையானது. மருத்துவப் படங்களுக்கு டைகாம் என்ற பொதுத்தரம் 1993 முதல் இருக்கிறதே என்பார்கள். படம் திறக்கும், சரி. மருத்துவர் அதன்மேல் போட்ட குறிப்பும் அளவும் சில நேரம் அமைப்பை விற்ற நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் சிக்கிக்கொள்கின்றன. முன்பு எந்தக் கட்டியை எந்த இடத்தில் அளந்தார்கள் என்று தெரியாமல், புற்றுநோயாளிக்கு மருந்து வேலை செய்கிறதா என்பதை எப்படி உறுதியாகச் சொல்வது? கருவிக்கு விலை பேசும் நாளிலேயே, படங்களைக் குறிப்புகளோடு முழுதாகத் திருப்பித் தரும் பொறுப்பும் செலவும் யாருடையவை என்று எழுதி வாங்கிவிட வேண்டும்.