உப்பு யார் கணக்கில்? – பச்சைத்தோல் பாதுகாப்பும் தோலின் தரமும்

அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயருடையது. அந்நகரின் ஜங்லிகாட் பகுதி மீன்பிடித் துறையால் அறியப்படுவது. கடலிலிருந்து வரும் சூரை மீன் என்ன விலை பெறும் என்பது, பிடிபட்டபின் அது எவ்வளவு விரைவில் பனிக்கட்டியில் வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. வாங்குபவர் செவுளைத் திறந்து நிறம் பார்க்கிறார். கண்ணின் தெளிவைப் பார்க்கிறார். சதையை விரலால் அழுத்திப் பார்க்கிறார். பாதுகாப்பில் நேர்ந்த குறை விற்பனை நடக்கும் இடத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே பனிக்கட்டிக்குச் செலவு செய்தவருக்கு அச்செலவு விலையாகத் திரும்பி வருகிறது.

ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் அத்தகைய உடனடிச் சோதனை இல்லை. உரித்த தோல் மயிரோடும் உப்போடும் மண்டிக்கு வருகிறது. அதன் மேற்பரப்பில் சிதைவு தொடங்கியிருக்கிறதா என்பதை அந்நிலையில் எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் நீக்கிய பிறகே உண்மை தெரியும்; சில குறைகள் குரோமியப் பதனிடல் முடிந்து தரம் பிரிக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் பல ஊர்த் தோல்கள் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கும். எந்தத் தோல் எந்தக் கூடத்தில் உரிக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் உப்பின்றிக் கிடந்தது என்பதற்குப் பதிவு ஏதும் இராது. தமிழகத் தோல் தொழிலின் தரச் சிக்கலும், பாலாற்றுப் படுகையின் உப்புச் சிக்கலும் இந்த அறியாமையில்தான் ஒன்று சேர்கின்றன. இவ்விரண்டையும் வேதியியல் சிக்கல்களாக மட்டுமே அணுகும் ஆய்வு மரபு, அவற்றின் வேரைத் தொடாமலே கடந்து செல்கிறது.

முதலில் தோலுக்குள் நிகழ்வது என்ன என்பதைக் காண்போம். உரித்த தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். உயிர் நீங்கியவுடன் திசுக்களின் சொந்த நொதிகள் அத்திசுக்களையே கரைக்கத் தொடங்குகின்றன. சாணம், இரத்தம், தரை ஆகியவற்றிலிருந்து ஒட்டிக்கொண்ட பாக்டீரியாக்கள் சாதகமான வெப்பத்தில் அரைமணி நேரத்திற்குள் இரட்டிப்பாகக்கூடியவை. வெப்பநாடுகளில் ஒரு தோல் நான்கைந்து மணி நேரம் கவனிப்பாரற்றுக் கிடப்பதே கேடு தொடங்கப் போதுமானது. அதன் முதல் அடையாளம் மயிர் தளர்ந்து கழல்வது. அடுத்து, கிரெய்ன் என்று தொழிலில் வழங்கும் மேற்பரப்பு அரிக்கப்படுகிறது.

அந்த மேற்பரப்பே தோலின் அழகும் விலையும். அது மிக மெல்லியது. ஒருமுறை சிதைந்தால் மீண்டும் உருவாகாது. பதனிடுதல் என்பது தொட்டிக்கு வந்து சேரும் நார்வலையை நிலைப்படுத்தும் செயல். இழந்த நாரை மீட்டுத் தரும் ஆற்றல் அதற்கு இல்லை. அரிக்கப்பட்ட இடத்தில் சாயம் ஒருசீராகப் பிடிப்பதில்லை. இரத்தம் முழுமையாக வடியாத தோலில் நரம்புத்தடங்கள் கோடுகளாகத் தெரிகின்றன. உள்நார்கள் தளர்ந்த தோலை மடித்தால் மேற்பரப்பு சுருக்கமிட்டுப் பிரிந்து நிற்கிறது. இத்தகைய தோலைத் தேய்த்து, நிறமிப் பூச்சிட்டு, செயற்கை வடிவம் அச்சிட்டு விற்கலாம். ஆயினும் இயற்கை மேற்பரப்புடைய தோலுக்குரிய விலை அதற்குக் கிடைப்பதில்லை. அந்தப் பூச்சுக்கு ஆகும் ரசாயனமும் உழைப்பும், முதல் சில மணி நேரத்தில் தவறவிட்ட கவனிப்புக்காகப் பின்னர் செலுத்தப்படும் விலை.

இக்கேட்டைத் தடுக்க இந்தியாவில் பெரும்பாலும் பயன்படுவது கறியுப்பு. தோலின் எடையில் 40 முதல் 50 விழுக்காடு அளவுக்கு உப்பை உட்புறத்தில் தூவி, தோல்களை அடுக்கிவைப்பது வழக்கம். உப்பு நீரை வெளியே இழுக்கிறது. நீர் குறையவே பெரும்பாலான பாக்டீரியாக்கள் செயலிழக்கின்றன. விலை மலிவு, பயிற்சி தேவையில்லை, மின்சாரம் வேண்டாம் என்னும் மூன்று காரணங்களே அதன் நீண்ட ஆட்சிக்கு அடிப்படை.

ஆனால் உப்பிட்ட தோல் எல்லாமே பாதுகாக்கப்பட்ட தோல் அன்று. கொழுப்பும் சதையும் நீக்கப்படாத இடத்தில் உப்பு உள்ளே இறங்குவதில்லை. தாமதமாக இட்ட உப்பு, அதற்கு முன் நேர்ந்த சிதைவை மூடி மறைக்கிறதேயன்றித் திருத்துவதில்லை. உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களும் உண்டு; அவை பெருகும்போது தோலின் உட்புறம் செந்நிறமாகிறது. தொழிலில் ‘ரெட் ஹீட்’ என்று சொல்லப்படும் அந்த நிறம் ஓர் எச்சரிக்கை. பழைய உப்பைத் துப்புரவின்றி மீண்டும் தூவும்போது அந்த நுண்ணுயிர்களும் சேர்த்தே தூவப்படுகின்றன. கால்சியம், மக்னீசியம் கலந்த தரமற்ற உப்பு தோலில் கறைகளை உண்டாக்குகிறது. இரும்புத் துகள் கலந்திருந்தால் தாவரப் பதனிடலில் கருநீலக் கறை படிகிறது. வெயிலில் உலர்த்துவது மாற்று வழியாகத் தோன்றினாலும், கடும் வெயிலில் வெளிப்பக்கம் விரைந்து இறுகிவிட, ஈரம் உள்ளே சிறைப்பட்டு நடு அடுக்கு அழுகுகிறது. அது சுண்ணாம்புத் தொட்டியில் கொப்புளமாகவும் ஓட்டையாகவும் வெளிப்படும்.

தோலைக் காத்த உப்பு அடுத்து எங்கே போகிறது என்பது இரண்டாம் கேள்வி. ஒரு எளிய கணக்கு போதும். 1,000 கிலோ பச்சைத்தோலுக்கு 400 கிலோ உப்பு இடப்படுகிறது எனக் கொள்வோம். வழியில் வடிந்ததும் உதிர்ந்ததும் போக, பாதியாகிய 200 கிலோ மட்டும் தோலோடு ஆலைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு டன் தோலைப் பதனிட 30,000 முதல் 40,000 லிட்டர் நீர் செலவாகும். அந்த 200 கிலோ உப்பு மட்டுமே அந்நீர் முழுவதையும் லிட்டருக்கு 5,000 முதல் ஏறத்தாழ 6,700 மில்லிகிராம் வரை உவர்ப்பாக்கிவிடும். கழிவுநீரில் கரைந்த திடப்பொருள்களுக்கு வகுக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். ஆலையில் ஒரு கைப்பிடி ரசாயனம் சேர்க்கும் முன்பே வரம்பு மீறப்பட்டுவிடுகிறது.

குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். கரிமக் கழிவை நுண்ணுயிர் கொண்டு சிதைக்கலாம். கரைந்த உப்பை இவ்வகைச் சுத்திகரிப்பு தொடுவதே இல்லை. எதிர்ச் சவ்வூடுபரவலும் ஆவியாக்கிகளும் கொண்டு நீரை மீட்டால், எஞ்சுவது பல உப்புகள் கலந்த கழிவு. அதை வாங்குவோர் இல்லை. மழை படாமல் கொட்டகைகளில் அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. கடற்கரை உப்பளங்களிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட உப்பு, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றின் படுகையில் தங்குகிறது. மீண்டும் கடலுக்கு அடித்துச்செல்ல அங்கே நீரோட்டம் இல்லை. கிணறுகளே அதன் இருப்பிடமாகின்றன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல். முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்துவோரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கொள்கையும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப்போனது என்னும் ஆய்வு முடிவும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது. அதே பகுதியின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது. இடையில், 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் உயிரிழந்தனர். கழிவைக் குழாயின் கடைசி முனையில் தேக்கிவைத்துச் சமாளிக்கும் முறை எத்தகைய இடர்களைச் சுமந்து நிற்கிறது என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

மாசுபடுத்துவோர் ஈடு செலுத்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈடு கணக்கிடப்படும் இடம் ஆலையின் வடிகால். உப்பு நுழையும் இடமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அறுப்புக்கூடம். ஆலைகளைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் வாதமாக இதைக் கொள்ளக் கூடாது. கொள்முதல் நிபந்தனைகளை வகுக்கும் வலிமை அவற்றிடமே இருக்கிறது. உப்பைக் குறைப்பதன் செலவு தோல் உரிப்பவர் மீதும் சிறு வியாபாரி மீதும் விழ, பயன் ஆலைக்கும் ஆற்றுக்கும் போகிறது என்பதே இங்குள்ள முரண். செலவும் பயனும் வெவ்வேறு கைகளில் இருக்கும்வரை எந்த மாற்றுமுறையும் ஆய்வகத்தை விட்டு வெளியேறாது.

1948இல் நிறுவப்பட்ட சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுபவம் இதை உணர்த்துகிறது. போரிக் அமிலத்தோடு சிறிதளவு உப்பு, சிலிக்கா ஜெல், தாவரப் பசைகள் எனப் பல மாற்றுகளை அங்குள்ள ஆய்வாளர்கள் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். உப்பைப் பெருமளவு குறைத்தும் தோலின் தரத்தைக் காக்க இயலும் என்பதை அந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் மண்டிகளில் கறியுப்பே தொடர்கிறது. இதற்கு அறிவியலின் தோல்வி காரணம் அன்று. நன்கு காக்கப்பட்ட தோலுக்கும் அரைகுறையாகக் காக்கப்பட்ட தோலுக்கும் மண்டியில் ஒரே விலை என்றால், கூடுதலாக ஒரு ரூபாய் செலவிடச் சிறு வியாபாரிக்கு என்ன காரணம் இருக்கிறது?

பக்ரீத் நாள் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. ஒரே நாளில் ஏராளமான ஆட்டுத்தோல்கள் சேர்கின்றன. அவற்றை மதரசாக்களுக்கும் அறநிலையங்களுக்கும் கொடையளிப்பது தமிழக முஸ்லிம்களின் நெடுநாள் வழக்கம். ஏழை மாணவர்களின் கல்விக்கும் உணவுக்கும் அதுவே ஒரு வருவாய். தோல்விலை வீழ்ந்த அண்மை ஆண்டுகளில் அத்தோல்கள் வாங்குவாரின்றிப் புதைக்கப்பட்டதும் உண்டு. பழக்கமில்லாத கைகளால் உரிக்கப்பட்டு, கத்திக்கீறல்களோடு, மணிக்கணக்கில் வெப்பத்தில் கிடந்து மண்டியை அடையும் தோலுக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை. ஓர் ஊரில் காலை 10 மணிக்குள் தோல்களைச் சேகரித்துத் துப்புரவாக உப்பிடும் ஏற்பாடு மட்டுமே இருந்தால்கூட, அந்த அறநிலையத்தின் வருவாய் உயரும்.

மாற்றுகளுக்கு எதிரான தடைகள் உண்மையானவை. அவற்றை மறைப்பதில் பயனில்லை. குளிரூட்டலுக்கு மின்சாரமும் முதலீடும் வேண்டும். சில நுண்ணுயிர்க்கொல்லிகள் உப்பைவிடக் கொடிய நஞ்சாகக்கூடும். சிற்றூர்தோறும் சிதறிக் கிடக்கும் ஆட்டிறைச்சிக் கடைகளுக்குக் குளிர்வண்டி அனுப்புவது இயலாத செயல். ஆகவே எல்லாத் தோலுக்கும் ஒரே தீர்வு தேடுவதே பிழை. தொலைவையும் காலத்தையும் கொண்டு தோல்களை வகைப்படுத்த வேண்டும்.

சென்னை பெரம்பூரில் மாநகராட்சி இறைச்சிக்கூடம் இருக்கிறது. அங்கிருந்து ராணிப்பேட்டை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். வாணியம்பாடி 200 கிலோமீட்டர் அளவு. 4 டிகிரி செல்சியசுக்கு அருகில் குளிர்விக்கப்பட்ட தோல் சில நாட்கள் கெடாமல் இருக்கும் எனில், அரைநாள் பயணத்துக்கு 40 விழுக்காடு உப்பு எதற்கு? பெருநகரக் கூடங்களின் தோல் அன்றே குளிர்நிலையில் ஆலைக்குச் செல்ல வேண்டும். ஓரிரு வாரம் காத்திருக்க வேண்டிய தோலுக்குக் குறைந்த உப்பு முறைகள் போதும். ஜங்லிகாட்டில் உரிக்கப்படும் ஒரு தோல் வாணியம்பாடி வரவேண்டுமாயின், ஈரம் மிகுந்த காற்றில் காத்திருந்து, சென்னைவரை 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலைக் கடந்தாக வேண்டும். அத்தகைய நெடுந்தொலைவுக்கு உப்பு நியாயமான தேர்வே. அங்கும் தூய உப்பும், ஆலையில் ஊறவைக்கும் முன் மரச்சட்டத்தில் தட்டி உதறி உப்பை நீக்குவதும் கட்டாயமாக வேண்டும்.

இவை நடைபெற ஓர் ஏற்பாடு முன்நிபந்தனை: ஒவ்வொரு தொகுதித் தோலுக்கும் உரித்த இடம், உரித்த நேரம், காத்த முறை ஆகியவற்றைக் குறிக்கும் அடையாள வில்லை. மயிர் நீங்கியபின் தெரியவரும் தரம் அந்த வில்லையின் வழியே உரித்தவரைச் சென்றடைந்து, அடுத்த கொள்முதலில் விலையாக மாற வேண்டும். அறுப்புக்கூடத்தில் தோல் உரிப்போரும் உப்பிடுவோரும் இத்தொழிலில் மிகக் குறைந்த கூலியும் மிகக் குறைந்த மதிப்பும் பெறுபவர்கள். தோலின் தரத்தில் பாதி அவர்கள் கையில் முடிவாகிறது; விலையில் அவர்களுக்குரிய பங்கோ எங்கும் எழுதப்படவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் பணி மிகுதி. புதிதாக ஒரு பாதுகாப்புப் பசையைக் கண்டறிந்து, ஆய்வகத்தில் பத்துத் தோல்களில் சோதித்து, கட்டுரையாக்குவது பயனுள்ளதே. ஆனால் ஒரு மண்டியில் ஓராண்டு அமர்ந்து, உரித்த நேரத்துக்கும் இறுதித் தரத்துக்கும் உள்ள தொடர்பை அளந்து, அத்தொடர்பின் பணமதிப்பைக் கணக்கிட்டுக் காட்டும் ஆய்வு அதைவிட அவசரத் தேவை. அந்தத் தொகை எவ்வளவு என்பது தெரிந்தால், குளிரூட்டலுக்கும் நல்ல உரிப்புக்கும் ஆலைகள் எவ்வளவு தர இயலும் என்பதும் தெரியும். பாலாற்றங்கரைக் கிணறுகளில் உப்பு இறங்குவதைத் தடுக்கும் வாதம் அப்போது அறத்தின் பெயரால் மட்டுமன்றி, ஆலையின் வரவு செலவுக் கணக்கின் பெயராலும் முன்வைக்கப்படும்.