முதலில் கேட்க வேண்டியது ரேக் எவ்வளவு என்று

போக்கர் பழக நினைப்பவரை முதலில் மிரட்டுவது அதன் சொற்கள்தான். ‘டெக்சஸ் ஹோல்டம்’ ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணம் பிளைண்ட். இவையெல்லாம் ஒரு சாயங்காலத்தில் பழகிவிடும். ஆளைக் கவிழ்ப்பவை பணத்தைப் பற்றிய சொற்கள். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர், இரண்டு ராஜா வைத்திருப்பவரிடம் தோற்றால் ‘பேட் பீட்’ என்று நொந்துகொள்வார். ஐந்து சீட்டும் திறக்கும்வரை போனால் ஏஸ் ஜோடி ஜெயிப்பது நூற்றுக்கு ஏறக்குறைய 82 முறைதான். மீதி தோல்விகள் அந்தக் கணக்கிலேயே அடக்கம். இது புரியாதவர் தனக்கு அநியாயம் நடந்ததாக நம்பி, விட்டதைப் பிடிக்க நிதானமிழந்து ஆடுவார். அதற்கு ‘டில்ட்’ என்று பெயர்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் ‘ரேக்’. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் பந்தயப் பணமான ‘பாட்’டிலிருந்து ஆட்டம் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் கமிஷன் அது. ஆறு பேர் தலைக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள், சராசரி பாட் 200 ரூபாய், ரேக் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆட்டம் முடியும்போது மேசையிலிருந்து 1,000 ரூபாய் வெளியேறியிருக்கும். ஓர் ஆளின் முழுப்பணம் அது. ஆடியவர்களில் யாரும் அதை ஜெயிக்கவில்லை. ஒரு தடவைக்குப் பத்து ரூபாய் என்பதால் யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

போக்கர் திறமை ஆட்டம், தெரிந்தவர் ஜெயிப்பார் என்று வாதிடுவோர் உண்டு. திறமைக்கு இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ‘பாட்’டில் 100 ரூபாய் இருக்க எதிராளி 50 வைத்தால், நான் 50 போட்டு 150-ஐ எதிர்பார்க்கிறேன். நாலில் ஒரு முறை ஜெயித்தாலே போட்டது திரும்பும். ‘பாட் ஆட்ஸ்’ என்பது இந்தக் கணக்குதான். ஆனால் மொத்தம் 200-இல் பத்து ரூபாய் ரேக்காகப் போனால் நூற்றுக்கு 25 போதாது, 26-க்கு மேல் வேண்டும். எதிராளியைவிடக் கெட்டிக்காரராக இருப்பது மட்டும் போதாது, ரேக்கையும் தாண்டிச் சம்பாதிக்க வேண்டும். ஆறு பேரும் சமமான திறமைசாலிகள் என்றால், நாளடைவில் ஆறு பேருக்கும் நஷ்டமே.

நம் சட்ட விவாதம் நெடுநாள் திறமையா அதிர்ஷ்டமா என்பதிலேயே சுற்றியது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் எனப் பட்டியலிட்ட தமிழகச் சட்டப் பகுதியை, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாது என்றது 2025-இன் மத்தியச் சட்டம். அந்த அணுகுமுறை சரியென்றே கருதுகிறேன். ஆடுபவரின் திறமை எவ்வளவாக இருந்தாலும் ரேக் குறைவதில்லை. இணையத்துக்கு வெளியே, மன்றங்களில் உட்காருகிறவர் ஃப்ளாப்பையும் ரிவரையும் பிறகு கற்றுக்கொள்ளலாம். ரேக் எத்தனை சதவீதம், அதற்கு உச்சவரம்பு உண்டா என்பதை முதல் சீட்டு விழுமுன் கேட்டுவிட வேண்டும்.