ஒட்டாமையும் ஒட்டுதலும்

"தாமரை இலைத் தண்ணீர்போல் ஒட்டாமல் இரு" என்பது பெண் பிள்ளைகளுக்குப் பெரியோர் அடிக்கடி கூறும் அறிவுரை. இது பாதி உண்மையே என்பது என் கருத்து. அதற்கு அறிவியலே சான்று.

தாமரை இலை கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றுகிறது. ஆனால் ஜெர்மனி நாட்டுத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் மின்னணு நுண்ணோக்கியில் கண்டது மேடு பள்ளங்களையே! ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு அளவுள்ள சிறு மேடுகள். அவற்றின்மீது அதனினும் நுண்ணிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி இவற்றின் நுனிகளை மட்டுமே தொடுகிறது. அடியில் காற்று தங்கிவிடுகிறது. ஆகவே துளி உருண்டையாகி, தூசியையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997இல் இதனை விளக்கி எழுதினர். நம் வீட்டுச் சேப்பங்கிழங்கு இலையிலும் இதைக் காணலாம்.

இனி, சிவப்பு ரோஜா இதழைப் பாருங்கள். அதிலும் சிறு துளி முத்துப்போல் நிற்கும். ஆனால் இதழைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது! அதன் மேடுகளுக்கிடையே நீர் சற்று இறங்கிப் பற்றிக்கொள்கிறது. சீன அறிஞர்கள் 2008இல் இதனை விளக்கினர். மேடுகளின் அளவையும் இடைவெளியையும் மாற்றி, நீரை உருட்டிவிடும் பரப்புகளையும் பிடித்துவைக்கும் பரப்புகளையும் ஆய்வுக்கூடங்களில் இன்று உருவாக்குகிறார்கள்.

இரண்டும் வேண்டியவையே. படைவீரர்களின் சீருடைகள் தயாராகும் ஆவடியில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். மழைக்கோட்டு நீரை விலக்க வேண்டும்; காயத்தில் வைக்கும் பஞ்சோ ஈரத்தை உறிஞ்ச வேண்டும். செடியில் பறித்த பஞ்சில் இயற்கையாகவே மெழுகு உண்டு. அது நீரை எளிதில் ஏற்காது. காரம் கலந்த நீரில் வேகவைத்து அம்மெழுகை நீக்கிய பின்னரே மருத்துவமனைக்கு உதவுகிறது.

தோழியரே, வாழ்க்கையும் இவ்வாறே. புறங்கூறலும் பொறாமையும் நம்மீது விழும்போது தாமரை இலையாக இருப்போம். ஆனால் அருகில் அமர்ந்திருக்கும் தோழியின் கண்ணீரை "எனக்கென்ன?" என்று உருட்டிவிடலாமா? நல்ல சமாரியன் உவமையில் முதலில் வந்த இருவரும் ஒட்டாமல்தான் விலகிச் சென்றனர். சமாரியனோ நின்றான், காயங்களைக் கட்டினான். இயேசு நமக்குக் காட்டியது அவனையே.

பெற்றோரே, பெரியோரே! ஒட்டாதே என்று எங்களுக்குச் சொல்லுங்கள். எங்கே ஒட்டிநிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.