கறுத்தால் கலப்படமா?

வெள்ளி மோதிரம் கறுத்துவிட்டதா? உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்! நல்ல வெள்ளியும் கறுக்கும். காற்றில் கலந்துள்ள கந்தகம் செய்கிற வேலை அது. பூட்டி வைத்த மோதிரமும் கறுக்கும். தினமும் போடும் மோதிரமோ உரசி உரசிப் பளபளக்கும்.

சுத்த வெள்ளி மிருதுவானது, எளிதில் நெளியும். ஆகையால் 1,000 பங்கில் 925 பங்கு வெள்ளியும், மீதி பெரும்பாலும் செம்பும் சேர்க்கிறார்கள். உள்பக்கம் "925" என்று போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம்!

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் வெள்ளி நகைக்கும் ஆறு இலக்க அடையாளக் குறி வந்தது. ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை. கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஏழை வீட்டு நகை வெள்ளிதானே! முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். எடை எழுதிய ரசீதையும் விடாதீர்கள்.

கறுப்புப் போகப் பற்பொடி போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் மோதிரத்தை வையுங்கள். சமையல் சோடா தூவி வெந்நீர் ஊற்றுங்கள். கறுப்பு விட்டுவிடும். கல் வைத்த மோதிரத்துக்கு மட்டும் இது வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.