வண்டி திரும்பியதா, குடைசாய்ந்ததா?



ராயகிரியில் நாலைந்து பேராக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "டர்னிங் பாயிண்ட்ங்காங்க, டிப்பிங் பாயிண்ட்ங்காங்க. தமிழ்ல ரெண்டையும் திருப்புமுனைன்னுதான் எழுதுதாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?"

ஒண்ணு இல்லை. வண்டி திரும்புவது வேறு, பாரம் ஏற ஏறக் குடைசாய்வது வேறு. திரும்புகிற வண்டியில் ஓட்டுகிறவன் தெரிகிறான். சாய்ந்த வண்டியில் கடைசி மூட்டைதான் எல்லார் கண்ணிலும் படும். முன்னால் ஏற்றிய நூறு மூட்டைக்கு யாரிடம் கணக்கு?

டிப்பிங் பாயிண்ட் என்ற சொல்லின் பிறப்பே நம்மைப் போன்றவர்கள் சம்பந்தப்பட்டது. அமெரிக்க நகரங்களில் வெள்ளையர் தெருவுக்குள் கறுப்பர் குடும்பங்கள் குடிவந்தன. ஓரளவு வரை பொறுத்துக்கொண்ட வெள்ளையர்கள், எண்ணிக்கை கூடியதும் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். மார்ட்டன் கிராட்சின்ஸ் 1957இல் அந்த எல்லையைப் பற்றி எழுதினார். 2000இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு அது வியாபாரிகள் வாயிலும் புகுந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல் முதலில் அளந்தது எதை? வெள்ளையனின் பொறுமையை. கறுப்பர்கள் எத்தனை தலைமுறை பொறுத்தார்கள் என்பதை அது அளக்கவில்லை.

இங்கேயும் அதே தராசுதான். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு நாற்காலி! 1997 ஜூன் 30இல் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆதிக்க சாதியின் பொறுமை அவ்வளவு குட்டையானது.

நம் ஜனங்களின் பொறுமை எவ்வளவு நீளம்? செங்கோட்டைப் பக்கத்து மீனாட்சிபுரத்தைக் கேளுங்கள். 1981 பிப்ரவரி 19, அன்றைய நெல்லை மாவட்டம். நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். நாடே அதிர்ந்தது. டில்லித் தலைவர்கள் கார் ஏறி வந்தார்கள். "அரபுப் பணம்" என்றார்கள். கடைசி மூட்டையைக் காட்டுகிற வேலை இது. மாறியவர்கள் சொன்னது தீண்டாமையை, ஆதிக்க சாதி அவமதிப்பை, போலீஸ் தொல்லையை. அதற்காக ஒரு தலைவரும் முன்னால் கார் ஏறவில்லை.

இந்துத்துவவாதிகள் அந்த நாளைத் திருப்புமுனை என்றே எழுதுகிறார்கள். அவர்கள் அரசியலுக்கு அது வழி திறந்தது, எழுதட்டும். நமக்கு அது முதலில் பாரம் தாங்காத நாள். 'முதலில்' என்று சொல்லக் காரணம் உண்டு. சும்மா சாய்ந்து விழுந்தவர்கள் இல்லை அவர்கள். கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள். பாபாசாகேப் 1935இல் ஏவலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்து, 1956இல் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். இடையில் 21 வருஷம். அந்தக் காலமெல்லாம் யோசித்தார், படித்தார், விவாதித்தார். சாய்க்கிறவன் எதிரி, திரும்புகிறவர் நாம்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் டீக்கடை, சுடுகாட்டுப் பாதை, கோயில் வாசல், பள்ளிக்கூடம் என்று ஏற்றப்பட்ட மூட்டைகளைத் தேதியோடு எழுதுங்கள். பெரியவங்க கிட்ட கேட்டு எழுதுங்க. அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.