சீனம் கற்பவருக்கு ஒரு தனி ஆசிரியர்

1579-ஆம் ஆண்டில் மக்காவ் துறைமுகத்தில் வந்து இறங்கிய மிக்கேல் ருஜியேரி என்ற இத்தாலியப் பாதிரியார், அதற்கு முன் மலபார்க் கரையில் தங்கியிருந்தபோது, அவ்விடத்து மொழியை ஆறே மாதத்தில் மக்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பயின்றுவிட்டவர். அத்தகைய மொழித்திறமை வாய்ந்தவரே சீனத்தைத் தொடங்கும்போது வழி தெரியாமல் தவித்து, கடைசியில் ஒரு சீனச் சித்திரக்காரரைத் தமக்கு உபாத்தியாயராக அமர்த்திக்கொண்டார். சித்திரக்காரர் ஒரு குதிரையை வரைந்து காட்டி, அதற்கு 'மா' என்று பெயர் சொல்லிக் கொடுப்பாராம். பழந்தமிழிலும் 'மா' என்ற சொல்லுக்குக் குதிரை என்று பொருள் உண்டென்பது தற்செயலான ஒற்றுமைதான். நாம் அதை எந்தக் குரலில் சொன்னாலும் அதன் பொருள் மாறுவதில்லை; சீனர் செவியிலோ, குரல் தாழ்ந்து எழும்பினால்தான் அது குதிரை; ஒரே உயரத்தில் நீண்டால் தாய், மேலேறினால் சணல், சட்டென்று விழுந்தால் வசவு.

அந்தச் சித்திரக்காரர் இலக்கணம் அறிந்தவராக இருந்திருக்க மாட்டார். பயிற்றுமுறை என்ற ஒன்று இருப்பதையே அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆயினும், இன்று பெருஞ்செலவு செய்து சீனத்துக்கும் தைவானுக்கும் போய்ப் பல்கலைக்கழகங்களில் சீனம் கற்கும் அந்நிய மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கிட்டாத ஒரு பாக்கியம் ருஜியேரிக்குக் கிட்டியிருந்தது. எதிரே அமர்ந்திருந்த ஆசிரியருக்கு அவர் ஒருவரே மாணவர். அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு பிழையும் ஆசிரியருடைய செவியில் விழாமல் தப்பியிருக்காது.

பல்கலைக்கழக வகுப்புகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அந்நியருக்குச் சீனம் கற்பிப்பதற்கென்றே 1962-இல் தொடங்கப்பெற்ற பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகமும், 1956 முதல் தைபேயில் நடந்துவரும் தைவான் தேசிய நார்மல் பல்கலைக்கழகத்து மாண்டரின் பயிற்சி மையமும், பாடபுத்தகங்களை வகுத்த முறையிலும் இலக்கணத்தைப் படிப்படியாக ஏற்றிச் செல்லும் நேர்த்தியிலும் உலகம் மதிக்கும் அனுபவம் பெற்றவை. எனினும் ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 20 பாடவேளை, வேளைக்கு 50 நிமிஷம், வகுப்பில் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் விளக்கவும் வாசிக்கவும் பாதி நேரம் எடுத்துக்கொண்டால், மிஞ்சிய 25 நிமிஷத்தை 20 பேர் பங்கிட்டுக்கொள்ள, ஒருவனுக்கு ஒரு வேளையில் கிடைப்பது ஒன்றேகால் நிமிஷம். வாரம் முழுவதும் சேர்த்தால் 25 நிமிஷம். தனி ஆசிரியர் ஒருவர் முன்னே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அதில் பாதியை அவரே பேசிவிட்டாலும்கூட, மாணவன் வாய்க்கு 30 நிமிஷம் மிஞ்சுகிறது. ஒரு வாரத்து வகுப்பு முழுவதும் அவனுடைய நாவுக்குத் தராத பயிற்சியை ஒரே மணி நேரம் தந்துவிடுகிறது என்றால், அதை வசதியுள்ளவர்கள் தேடிக்கொள்ளும் உபரியான சௌகரியம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

அதிலும் அந்த இருபது பேரும் ஒரே தரத்தார் அல்லர். ஜப்பானிய மாணவன் பள்ளிப்பருவத்திலேயே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீன எழுத்துக்களைத் தன் மொழிக்காகப் பயின்றுவிட்டு வருகிறான். வியட்நாம் மாணவி ஆறு தொனிகள் உள்ள மொழியைத் தாய்ப்பாலோடு அருந்தியவள், அவளுக்கு நான்கு தொனிகள் ஒரு பொருட்டல்ல. எழுத்தும் புதிது, தொனியும் புதிது என்று வரும் நம்மவனும் அவர்களோடு அதே பெஞ்சில் உட்காருகிறான். பாவம், ஆசிரியர் யாருக்கென்று நிற்பார், யாரை விட்டுவிட்டுப் போவார்?

தொனி என்பது எழுதி வைத்துக் கற்பிக்கக்கூடிய விஷயமன்று என்பதைச் சங்கீதம் கேட்டுப் பழகிய நமக்கு அதிகமாக விளக்க வேண்டியதில்லை. 1958-இல் சீன மக்கள் பேரவை அங்கீகரித்த பின்யின் என்னும் ரோமன் எழுத்துமுறையில் உயிரெழுத்தின் தலைமேல் இடும் கோடுகள் தொனியைச் சுட்டுகின்றன. நம் கீர்த்தனைப் புத்தகங்களில் ஸ்வரங்களைக் குறித்திருப்பதைப் போன்றதே அது. ஸ்வரத்தைப் பார்த்துப் பாடியவனுக்குக் கமகம் எப்படி வருவதில்லையோ, அப்படியே கோட்டைப் பார்த்துப் பேசியவனுக்குச் சீனத்தின் ஓட்டம் வருவதில்லை. 'நீ ஹாவ்' என்று எல்லோரும் முதல் நாளே கற்கும் முகமன் சொற்களில் இரண்டுமே தாழ்ந்தெழும் மூன்றாம் தொனியைச் சேர்ந்தவை. ஆனால் மூன்றாம் தொனிக்குமுன் வரும் மூன்றாம் தொனி இரண்டாம் தொனியாக ஏறிவிட வேண்டும் என்பது விதி. விதியை வகுப்பில் ஒரே நாளில் சொல்லிவிடலாம். நாக்கு அதற்குப் பணிவதற்கு, தவறும்போதெல்லாம் நிறுத்தி மறுபடி சொல்லச்செய்யும் ஒருவர் பல மாதங்கள் எதிரே இருக்க வேண்டும். 'மாய்' என்பதைத் தாழ்த்தி எழுப்பினால் வாங்குதல், விழச்செய்தால் விற்றல். வியாபாரம் பேசப் போகிறவன் இந்த இரண்டையும் மாற்றிவிட்டால் என்ன ஆகும்?

தமிழ் மாணவனுக்கு இதில் விசேஷமான சில அனுகூலங்கள் உண்டு. அவை வகுப்பறையில் வெளிப்படாமலே வீணாகின்றன என்பதுதான் என் வருத்தம். பின்யினில் 'b' என்ற ஆங்கில எழுத்தைக் கண்டதும் நம் மாணவன் ஆங்கிலப் பழக்கத்தால் அதை அதிர்த்து உச்சரிக்கிறான். அந்த இடத்தில் வேண்டியதோ 'பெயர்' என்ற சொல்லின் முதலில் நாம் இயல்பாக ஒலிக்கும் பகரம். 'மனிதன்' என்பதற்குச் சீனர் சொல்லும் 'ரென்' என்ற சொல்லின் முதலொலியை அவன் ரகரமாகவே வாசிக்கிறான். அது முற்றிலும் ஒன்றல்லவென்றாலும், நம்முடைய ழகரத்துக்கு மிக அருகில் நிற்கும் ஒலி. மொழிமுதலில் ழகரத்தை வைத்துப் பழகாத நமக்குச் சிறிது பிரயாசை வேண்டும், அவ்வளவே. வாக்கிய அமைப்பிலும் அப்படித்தான். 'வொ சுவோதியன் மாய் த ஷு' என்றால், சொல்லுக்குச் சொல், 'நான் நேற்று வாங்கிய புத்தகம்'. அவர்கள் 'த' என்ற இடைச்சொல்லை வைக்கும் இடத்தில் நாம் பெயரெச்ச விகுதியை வைக்கிறோம். ஆங்கில விளக்கத்தின் வழியே பாடம் கேட்கும் மாணவன் புத்தகத்தை முன்னே தூக்கிவைத்து, வாங்கியதைப் பின்னே தள்ளி, பிறகு சீனத்துக்காக மறுபடியும் தலைகீழாகத் திருப்புகிறான். தன் வீட்டுத் திண்ணையிலிருந்து நேரே போகக்கூடிய இடத்துக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போவது போன்ற இந்த வீண்சிரமத்தை அவனுக்கு யார் எடுத்துச் சொல்வது? தனி ஆசிரியருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பதில்லை. மாணவன் தன் மொழியின் வழக்கை வைத்துச் சொல்லிப் பார்க்கவும், அவர் கேட்டு 'ஆம், அப்படித்தான்' என்று சொல்லவும் அவகாசம் இருந்தால் போதும்.

சீனத்திலேயே வசிக்கிறோமே, தெருவும் கடையும் கற்பித்துவிடாவா என்று கேட்பார்கள். கற்பிக்கும், ஓரளவுக்கு. ஆனால் தெரு திருத்துவதில்லை. கடைக்காரருக்கு வேண்டியது வியாபாரம். கருத்து விளங்கியதும் அவர் பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவார். சீனரின் உபசாரமோ பிரசித்தமானது. அந்நியன் இரண்டு வார்த்தை பேசினாலே, "உங்கள் சீனம் மிகவும் நன்றாக இருக்கிறது" என்று மனமுவந்து பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டுக் கேட்டே பிழைகளைப் பேணி வளர்த்துக்கொண்டு, நான்கு ஆண்டு வாசத்துக்குப் பிறகும் முதல் ஆண்டுத் தொனிகளிலேயே நின்றுவிட்டவர்கள் பலர். திருத்துவதையே கடமையாகக் கொண்ட ஒருவரை நாம்தான் தேடி அமர்த்திக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் டியூஷன் என்ற சொல்லுக்கு ஏற்பட்டுவிட்ட அபகீர்த்தியை நான் மறக்கவில்லை. பள்ளியில் நடத்திய பாடத்தையே மாலையில் மறுபடி நடத்தி, மதிப்பெண்ணைக் குறிவைத்துக் குழந்தைகளை வாட்டும் அந்த ஏற்பாட்டை நான் இங்கே சிபாரிசு செய்யவில்லை. அதைப்போலவே, தனிப்பாடத்தின் ருசி கண்டதும் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அதையே நம்பிவிடும் மாணவர்களின் போக்கும் எனக்குச் சம்மதமன்று. ஒரு மொழியில் பிறந்தவர் என்ற தகுதி மட்டுமே அதைக் கற்பிக்கப் போதாது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்துவிட்டான்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஓர் அந்நியர் நம்மைத் தெருவில் நிறுத்திக் கேட்டால், எத்தனை பேர் தெளிவாக விடை சொல்வோம்? சீனத்தில் 'ல' என்ற ஒற்றை இடைச்சொல் வினைமுற்றுக்குப் பின் வருவதும் வாக்கிய இறுதியில் வருவதும் வெவ்வேறு பொருள் தருவதைப்பற்றிக் கேட்டாலும், சாதாரணச் சீனர் "அப்படித்தான் சொல்வோம்" என்றே விடை தருவார். அதைச் சாஸ்திரீயமாக விளக்குவது வகுப்பாசிரியரின் வேலை. விளக்கியதை வாயில் படியவைப்பது தனி ஆசிரியரின் வேலை. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றியவனுக்கு இரண்டும் அரைகுறையாகவே முடியும்.

ஆகையால் தனிப்பாடத்தை வெறும் அரட்டையாக விட்டுவிடக் கூடாது. காலையில் வகுப்பில் நடந்த பாடத்தையே மாலையில் எடுத்துச் செல்ல வேண்டும். அதை உரக்க வாசித்து, ஆசிரியர் நிறுத்தும் இடங்களைப் பென்சிலால் குறித்து, பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அதே விஷயத்தைச் சொந்த வாக்கியங்களில் சொல்ல வேண்டும். அன்றைய பிழைகளைக் கொண்டே மறுநாள் பாடம் தொடங்க வேண்டும். தொலைபேசியில் தன் குரலைப் பதிவு செய்து கேட்பது ஆரம்பத்தில் மிகுந்த கூச்சத்தைத் தரும். ஆனாலும் அதைவிடச் சிறந்த கண்ணாடி வேறில்லை. ஆசிரியராக, அந்நியருக்குச் சீனம் கற்பிக்கும் துறையிலேயே முதுகலை பயிலும் சீன மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது உத்தமம்; இலக்கணமும் அறிந்தவர்கள், பயிற்சிக்கு மாணவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். பணம் கொடுக்க இயலாதவர்கள் பேச்சுத்துணை என்ற ஏற்பாட்டில் ஆங்கிலத்தைக் கொடுத்துச் சீனத்தைப் பெறலாம். ஆனால் கடிகாரத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்காவிட்டால், யாருக்கு மற்றவர் மொழி அதிகம் தெரியுமோ அவர் மொழித்திறமையே மேலும் வளர்ந்து, நம்மவன் கைவிரித்து நிற்க நேரும்.

இது புதிய யோசனையும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெய்ஜிங்கிலிருந்த பிரிட்டிஷ் தூதரகம், மொழிபெயர்ப்பாளராகப் பயின்ற இளைஞர்களுக்குச் சீன ஆசிரியர்களை அமர்த்தித் தந்தே அவர்களைத் தயார் செய்தது. ஆங்கிலம் பேசுபவர் ஒருவர் உத்தியோகத்துக்கு ஏற்ற சீனம் பெறுவதற்கு 88 வாரங்களும் 2200 வகுப்பு மணிகளும் வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத்துறைப் பயிற்சி நிலையம் மதிப்பிட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முழுவதும் தவறாமல் உட்கார்ந்தாலும் தேறுவது சுமார் 700 பாடவேளைதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூடி 1963-இல் தைபேயில் தொடங்கி, 1997-இல் பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்கு மாற்றிய மொழித்திட்டத்தில், மூன்று நான்கு பேர் கொண்ட சிறு வகுப்புகளோடு, ஆசிரியரும் மாணவரும் தனித்து எதிரெதிரே அமரும் வகுப்பும் பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. இதை மற்றப் பல்கலைக்கழகங்களும் பின்பற்ற வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். வாரத்துக்கு இரண்டு மணி தனிவகுப்பைக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கித் தருவது அவர்களுக்குச் சாத்தியமாகாத காரியமல்ல. அதைச் செய்யாதவரை, பணமுள்ள மாணவன் பேசக் கற்பதும், இல்லாதவன் தேர்வெழுத மட்டும் கற்பதுமான அநீதி நீடித்துக்கொண்டே இருக்கும்.

தேர்வைப்பற்றியும் ஒரு வார்த்தை. சீன அரசின் எச்.எஸ்.கே. என்னும் சீனமொழித் தகுதித் தேர்வு, 2010-இல் ஆறு படித்தரங்களாக வகுக்கப்பட்டபோது, கேட்டல், வாசித்தல், எழுதுதல் ஆகியவற்றையே சோதித்தது. பேச்சுக்கு வேறொரு தனித்தேர்வு வைக்கப்பட்டது. அதாவது அந்த ஏற்பாட்டின்படி நான்காம் தரத்தில், 1200 சொற்கள் அறிந்தவன் என்ற சான்றை, வாய் திறவாமலே ஒருவன் பெற்றுவிட முடிந்தது. சீனத்தில் மருத்துவம் பயிலும் இந்திய மாணவர்கள் பல்லாயிரவர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் கணிசமானவர்கள். அவர்களுக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி ஆங்கிலம் பேசுவதில்லை. அதனால்தான் அந்த நான்காம் தரத்தை அங்கே கட்டாயமாக்கியிருக்கிறார்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது, அழுத்தினால் அதிகமாகிறதா என்று கேட்டு, வரும் விடையைப் புரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் சான்றிதழ் துணைக்கு வராது.

பிள்ளையைச் சீனத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு நான் வேண்டிக்கொள்வது இதுதான்: விமானக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கணக்கிடும்போது, தனி ஆசிரியருக்கு என்று முதல் ஆண்டுக்காவது ஒரு தொகையை அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள், போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, பிழைகள் பழக்கமாக உறைந்துபோவதற்கு முன்பாக, அந்த ஆசிரியரைத் தேடிக்கொள்ளுமாறு பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.